டான்சிலும் அடினாய்டும்: வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

சென்ற இதழில் குழந்தைகளின் குறட்டையைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வாசகர்கள் எழுதிய கடிதங்களில் பெரும்பாலானவை டான்சில், அடினாய்டு என்னும் இரண்டு சதைகளைப் பற்றியவையாகவே இருந்தன. ஒரே ஐயத்தைப் பலர் எழுப்பியிருந்ததால், ஏழு கடிதங்களை மட்டும் தேர்ந்தெடுத்து, எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்து, சுருக்கித் தந்து பதில் எழுதுகிறேன்.

கேள்வி: என் மகனுக்கு ஐந்து வயது. இரவில் வாயைத் திறந்துகொண்டே தூங்குகிறான். பெரியவர்களைப் போலக் குறட்டை விடுகிறான். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த ஒரு மருத்துவர், அடினாய்டு மிகவும் பெருத்திருப்பதால் உடனே அறுவை சிகிச்சை செய்துவிட வேண்டும் என்கிறார். இன்னொருவர், வயது ஏற ஏறத் தானே சுருங்கிவிடும், காத்திருக்கலாம் என்கிறார். இருவருமே அனுபவம் மிக்கவர்கள். நாங்கள் யார் சொல்வதைக் கேட்பது?
(ஒரு தாய், மன்னார்குடி)

பதில்: இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் உங்கள் கடிதத்தில் எக்ஸ்ரேயைப் பற்றி ஒரு பத்தி இருக்கிறது. மகன் இரவில் எப்படித் தூங்குகிறான் என்பதைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. முடிவு எடுப்பதற்கு அந்த ஒரு வரிதான் விரிவாகத் தெரிய வேண்டும்.

வாயைத் திறந்து ‘ஆ’ என்று சொன்னால் தொண்டையின் இரு பக்கமும் தெரிகிற சதை உருண்டைகள்தாம் டான்சில்கள். அடினாய்டு அப்படிக் கண்ணுக்குத் தெரியாது. அது உள்நாக்குக்கு மேலே, அண்ணத்தின் மறைவில், மூக்கு தொண்டைக்குள் திறக்கும் பின்வாசலில் இருக்கிறது. நாக்கின் பின்பகுதியில் உள்ள இதே வகைத் திசுவையும் சேர்த்துக்கொண்டால், மூச்சும் உணவும் உள்ளே நுழையும் இடத்தைச் சுற்றி இவை ஒரு வளையமாக அமைந்திருக்கின்றன. ஜெர்மானிய உடற்கூறியல் அறிஞர் வால்டேயர் 1884இல் இதை விவரித்ததால் வால்டேயர் வளையம் என்ற பெயர் நிலைத்துவிட்டது. உள்ளே வரும் கிருமிகளை முதலில் எதிர்கொண்டு, அவற்றை அடையாளம் கண்டு, எதிர்ப்புப் பொருள்களை உண்டாக்குவதே இவற்றின் வேலை. பள்ளிக்குச் செல்லத் தொடங்கும் பருவத்தில் குழந்தை நாள்தோறும் புதுப்புதுக் கிருமிகளைச் சந்திப்பதால், ஏறத்தாழ மூன்று வயதிலிருந்து ஏழெட்டு வயது வரை இவை பெருத்திருப்பது இயல்பு. பிறகு முகத்தின் எலும்புகள் வளர்ந்து இடம் விரிகிறது. அடினாய்டும் சுருங்கத் தொடங்கி, பதின்ம வயது முடிவதற்குள் பெரும்பாலோருக்கு மிகவும் சிறுத்துவிடுகிறது. இரண்டாவது மருத்துவர் சொன்னது இதைத்தான்.

ஆனால் அது சுருங்கும் வரை குழந்தை ஒவ்வோர் இரவும் மூச்சு விட்டாக வேண்டும் அல்லவா? அங்கேதான் முதல் மருத்துவரின் கவலை தொடங்குகிறது. ஆகவே, மகன் தூங்கி ஒன்றிரண்டு மணி நேரம் ஆன பிறகு, அருகில் அமர்ந்து, சட்டையைச் சற்று உயர்த்திவிட்டு, நெஞ்சைப் பாருங்கள். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்குக் கீழேயும் கழுத்துக் குழியிலும் தோல் உள்ளிழுத்துக்கொள்கிறதா, குறட்டை திடீரென்று நின்று, சில நொடி மௌனத்துக்குப் பிறகு விக்கலைப் போலவோ திணறலைப் போலவோ மூச்சு மீள்கிறதா, கழுத்தைப் பின்னுக்கு வளைத்துக்கொண்டோ உட்கார்ந்த நிலையிலோ தூங்குகிறானா, தலையணை நனையும்படி வியர்க்கிறதா, நின்றுபோயிருந்த படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பழக்கம் திரும்பியிருக்கிறதா என்று கவனியுங்கள். பகலில் எதற்கெடுத்தாலும் எரிச்சல் கொள்வது, ஓரிடத்தில் உட்காராமல் ஓடிக்கொண்டே இருப்பது, காலையில் தலைவலி என்று சொல்வது, எடை ஏறாமல் இருப்பது ஆகியவையும் நல்ல தூக்கம் இல்லாததன் அடையாளங்களாக இருக்கலாம். பெரியவர்களுக்குத் தூக்கம் கெட்டால் பகலில் தூங்கி வழிவார்கள். குழந்தைகளோ பெரும்பாலும் துறுதுறுவென்று அடங்காமல் இருப்பார்கள். அதனால்தான் பெற்றோருக்கு இது எளிதில் பிடிபடுவதில்லை.

என்னிடம் வரும் பெற்றோரிடம், எந்தப் பரிசோதனைக்கும் முன்னால், கைப்பேசியில் இரண்டு நிமிடம் காணொளி எடுத்து வாருங்கள் என்று சொல்வது வழக்கம். சில மாதங்களுக்கு முன் ஒரு தந்தை, ‘பெரிதாக ஒன்றுமில்லை டாக்டர், வெறும் குறட்டைதான்’ என்று சொல்லியபடியே தம் கைப்பேசியை நீட்டினார். இரண்டு தலையணைகளில் சாய்ந்து, முகவாய் கூரையை நோக்கி நிமிர்ந்திருக்க, நான்கு வயதுச் சிறுமி தூங்கிக்கொண்டிருந்தாள். குறட்டை நின்றது. நெஞ்சும் வயிறும் மாறி மாறி எழுந்து தாழ்ந்தனவே தவிர மூச்சின் ஓசை இல்லை. நான் நொடிகளை எண்ணினேன்; பதினொன்றில் அவள் உடலை உதறித் திணறி மூச்சிழுத்தாள். அதைப் பலமுறை பார்த்திருந்த அந்தத் தந்தை, நான் எண்ணியதைப் பார்த்த பிறகுதான் அது மூச்சடைப்பு என்று உணர்ந்தார். அந்தக் குழந்தைக்கு அறுவை சிகிச்சை தேவை என்று முடிவு செய்ய எனக்கு எக்ஸ்ரே தேவைப்படவில்லை.

எக்ஸ்ரே தவறான பரிசோதனை என்று சொல்லவில்லை. படம் எடுக்கும் நேரத்தில் குழந்தை அழுதாலோ, எச்சில் விழுங்கினாலோ, கழுத்தைத் திருப்பினாலோ நிழலின் அளவு மாறிவிடும் என்பதால், அதை மட்டுமே நம்பிக் கத்தியை எடுப்பது சரியன்று. மெல்லிய எண்டோஸ்கோப்பை மூக்கின் வழியாகச் செலுத்திப் பார்ப்பது கூடுதல் தெளிவு தரும். ஐந்து வயதுக் குழந்தையிடம் பொறுமையாகப் பேசினால் பெரும்பாலும் ஒத்துழைக்கும். எங்கள் துறையில் அதைவிடப் பழைய ஒரு முறையும் உண்டு. நாக்கை அழுத்திப் பார்க்கும் குளிர்ந்த எவர்சில்வர் தகட்டை மூக்குத் துளைகளுக்குக் கீழே பிடித்தால், மூச்சுக் காற்று பட்டு இரண்டு வட்டங்களாக ஆவி படியும். தகடு பளபளவென்று அப்படியே இருந்தால், அந்தக் குழந்தை மூக்கால் மூச்சு விடவில்லை என்று பொருள்.

உங்கள் மகனுக்குக் குறட்டை மட்டும் இருந்து, மூச்சு நிற்காமல், பகலில் சுறுசுறுப்பாகவும் வயதுக்கேற்ற வளர்ச்சியோடும் இருந்தால் காத்திருக்கலாம். அப்படிக் காத்திருக்கும் காலத்திலும் செய்ய வேண்டியவை உண்டு. மூக்கில் உப்புநீர்ச் சொட்டு மருந்தும், வயதுக்கேற்ற ஸ்டீராய்டு மூக்கு ஸ்பிரேயும் ஆறு முதல் எட்டு வாரம் தொடர்ந்து பயன்படுத்தினால், பல குழந்தைகளுக்கு அடைப்பு கணிசமாகக் குறைகிறது. ஸ்டீராய்டு என்றதும் அஞ்ச வேண்டாம். மொமெட்டசோன் போன்ற ஸ்பிரேக்களிலிருந்து இரத்தத்தில் சேரும் அளவு மிகக் குறைவு. ஸ்பிரேயின் முனையை மூக்கின் நடுத்தண்டை நோக்கிப் பிடிக்காமல், அந்தப் பக்கத்துக் கண்ணின் வெளி ஓரத்தை நோக்கிச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். வலது துளைக்கு இடது கையால் அடித்தால் இது தானாகவே அமைந்துவிடும். ஒவ்வாமையைக் குறைக்கத் தரும் மான்டிலூகாஸ்ட் மாத்திரை எழுதித் தந்திருந்தால், குழந்தையின் நடத்தையில் மாற்றமோ, கெட்ட கனவுகளோ, காரணமற்ற சோர்வோ தென்படுகிறதா என்று கவனித்து மருத்துவரிடம் சொல்லுங்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020இல் அந்த மருந்துக்குக் கடுமையான எச்சரிக்கை விதித்திருக்கிறது. படுக்கையறையில் கொசுவர்த்திச் சுருள், சாம்பிராணிப் புகை, சிகரெட் புகை ஆகிய மூன்றும் வேண்டாம்.

காத்திருப்பதும் ஒரு சிகிச்சைதான் என்பதற்குச் சான்று இருக்கிறது. தூக்கத்தில் மூச்சடைப்பு உள்ள, ஐந்து முதல் ஒன்பது வயது வரையிலான 464 குழந்தைகளை அமெரிக்காவில் இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு விரைவில் அறுவை சிகிச்சை செய்தும், மற்றொரு குழுவைக் கண்காணிப்பில் வைத்தும் நடத்திய ஆய்வு 2013இல் வெளியானது. ஏழு மாதம் கழித்து, அறுவை சிகிச்சை பெற்றவர்களில் 79 விழுக்காட்டினருக்கும், காத்திருந்தவர்களில் 46 விழுக்காட்டினருக்கும் தூக்கப் பரிசோதனை இயல்பு நிலைக்கு வந்திருந்தது. அறுவை சிகிச்சை பெற்ற குழந்தைகளின் நடத்தையும் அன்றாட நலமும் தெளிவாக மேம்பட்டன; கவனத்திறனை அளந்த தேர்வில் மட்டும் இரு குழுவுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. மிகக் கடுமையான மூச்சடைப்பு உள்ள குழந்தைகளை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை என்பதை மறந்துவிடக் கூடாது. நான் மேலே சொன்ன மௌனமும் திணறலும் உங்கள் மகனிடம் இருந்தால், தாமதிக்காமல் அறுவை சிகிச்சைக்குச் சம்மதியுங்கள். எது என்று உறுதியாகச் சொல்ல முடியாத நிலையில் இருந்தால், ஓர் இரவு தங்கிச் செய்யும் தூக்கப் பரிசோதனை விடை தரும்.

கேள்வி: என் எட்டு வயது மகளுக்கு அடிக்கடி தொண்டை வலியும் காய்ச்சலும் வருகின்றன. இந்த ஆண்டில் மட்டும் நான்கு முறை ஆன்டிபயாடிக் கொடுத்துவிட்டோம். மூன்று நாளில் சரியாகிவிடுவதால் அதோடு நிறுத்திவிடுகிறோம். டான்சிலை எடுத்துவிட்டால் இந்தத் தொல்லை தீருமா?
(ஒரு தந்தை, கோவை)

பதில்: இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன, நீங்கள் கேட்காத கேள்வியே முக்கியமானது என்பதால் அதற்கு முதலில் பதில் சொல்கிறேன்.

குழந்தைகளுக்கு வரும் தொண்டை வலியில் பெரும்பகுதி வைரஸால் வருவது. மூக்கு ஒழுகி, இருமி, குரல் கரகரத்துக் கண்ணும் சிவந்திருந்தால் அது பெரும்பாலும் வைரஸ்தான். அதற்கு ஆன்டிபயாடிக் கொடுப்பதில் பயன் இல்லை. இருமலே இல்லாமல், திடீரென்று கடும் காய்ச்சலுடன், டான்சில் மேல் வெண்ணிறத் திட்டுகளும், தாடைக்குக் கீழே தொட்டால் வலிக்கும் நெறிகட்டியும் வந்தால், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் பாக்டீரியாவைச் சந்தேகிக்க வேண்டும். இந்தக் கிருமியின் தொல்லை தொண்டையோடு முடிவதில்லை. அதை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் பொருள்கள் சில குழந்தைகளுக்கு மூட்டுகளையும் இதயத்தையும் தாக்கி, வாதக் காய்ச்சலை உண்டாக்கி, இதய வால்வுகளை வாழ்நாள் முழுவதற்குமாகச் சேதப்படுத்திவிடும். நம் நாட்டில் வால்வு மாற்று அறுவை சிகிச்சைக்கு வரும் இளம்பெண்களில் பலருடைய கதை, சிறுவயதில் கவனிக்காமல் விட்ட ஒரு தொண்டைப் புண்ணில் தொடங்கியிருக்கும்.

தொண்டைப் புண் தொடங்கிய ஒன்பது நாள்களுக்குள் பெனிசிலின் வகை மருந்தைத் தொடங்கிவிட்டால் வாதக் காய்ச்சலைத் தடுக்க முடியும்; ஆனால் பத்து நாள் முழுவதும் கொடுக்க வேண்டும். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டு மகள் விளையாடத் தொடங்கியிருப்பாள். கிருமி அப்போதும் டான்சிலின் குழிகளுக்குள் இருக்கும். அடுத்த முறை காய்ச்சல் வரும்போது, மருந்து தொடங்குவதற்கு முன்பே தொண்டைச் சளியைப் பஞ்சுக் குச்சியில் எடுத்துப் பரிசோதித்துவிடுங்கள். பாக்டீரியா என்றால் பத்து நாளும் கொடுங்கள். வைரஸ் என்றால் ஆன்டிபயாடிக்கே கொடுக்காதீர்கள். அரைகுறையாகக் கொடுத்து நிறுத்துவதை மட்டும் இன்றோடு விட்டுவிடுங்கள்.

இனி நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஓராண்டில் ஏழு முறை, அல்லது தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் ஆண்டுக்கு ஐந்து முறை, அல்லது மூன்று ஆண்டுகள் ஆண்டுக்கு மூன்று முறை டான்சில் அழற்சி வந்திருந்தால் அறுவை சிகிச்சையைப் பரிசீலிக்கலாம் என்பது உலகெங்கும் பின்பற்றப்படும் அளவுகோல். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகர மருத்துவர் ஜாக் பாரடைஸ் குழுவினர் 1984இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது அது. வெறும் தொண்டைக் கரகரப்பை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஒவ்வொரு முறையும் காய்ச்சல், நெறிகட்டி, வெண்திட்டு, கிருமிப் பரிசோதனை ஆகியவற்றில் ஒன்றாவது பதிவாகியிருக்க வேண்டும். உங்கள் மகளின் நான்கு முறை அந்த அளவை எட்டவில்லை. ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதியையும், காய்ச்சலின் அளவையும், பள்ளிக்கு எத்தனை நாள் போகவில்லை என்பதையும் குறித்து வாருங்கள். இப்படிக் குறித்துக்கொண்டு வரும் பெற்றோரில் பலர், ஓராண்டுக்குப் பிறகு, எண்ணிக்கை தானே குறைந்துவிட்டது என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன்.

அளவுகோல் இல்லாமல் முடிவெடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பழைய நிகழ்வைச் சொல்கிறேன். 1934இல் நியூயார்க் நகரில் பள்ளிப் பிள்ளைகள் 1,000 பேரைப் பரிசோதித்தார்கள். அவர்களில் 611 பேருக்கு ஏற்கெனவே டான்சில் அகற்றப்பட்டிருந்தது. எஞ்சிய 389 பேரை மருத்துவர்களிடம் காட்டியபோது, 174 பேருக்கு அகற்ற வேண்டும் என்றார்கள். தேவையில்லை என்று சொல்லப்பட்ட 215 பேரை வேறு மருத்துவர்களிடம் அனுப்பியபோது, அவர்களிலும் 99 பேருக்கு வேண்டும் என்று பரிந்துரை வந்தது. இப்படியும் தப்பிய 116 பேரை மூன்றாம் முறை அனுப்பியபோது, மேலும் 51 பேர் அறுவை சிகிச்சைப் பட்டியலில் சேர்ந்தார்கள். அந்த மருத்துவர்கள் யாரும் தீய எண்ணம் கொண்டவர்கள் அல்லர். தொண்டைக்குள் பார்த்தார்கள்; சதை பெரிதாகத் தெரிந்தது; எழுதிவிட்டார்கள். இந்தக் கணக்கை நான் மாணவர்களுக்கு ஒவ்வோர் ஆண்டும் சொல்லிவருகிறேன்.

கேள்வி: எங்கள் காலத்தில் உள்நாக்கு விழுந்துவிட்டால் விரலில் மிளகுத்தூளைத் தொட்டு உள்ளே அழுத்திவிடுவோம், கழுத்தில் சுண்ணாம்பையும் தேனையும் குழைத்துப் பூசுவோம். இப்போது என் மருமகள் இதையெல்லாம் கூடாது என்கிறாள். ஆனால் பேரனுக்கு ஐஸ்கிரீம் மட்டும் வாங்கித் தருகிறாள். ஐஸ்கிரீம் தின்பதால்தானே சதை வளர்கிறது?
(ஒரு பாட்டி, காரைக்குடி)

பதில்: அம்மா, பேரன் மீது உங்களுக்குள்ள அக்கறை உங்கள் கடிதத்தின் ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது. ஆனால் இந்த வழக்கில் மருமகளின் பக்கம்தான் நான் பேச வேண்டியிருக்கிறது.

உள்நாக்கு என்பது அண்ணத்தின் நடுவில் தொங்கும் சிறிய சதை. டான்சில் அதற்கு இருபுறமும் இருப்பது. தொண்டையில் அழற்சி வந்தால் உள்நாக்கும் வீங்கி நீண்டு தெரியும் என்பதால், ‘உள்நாக்கு விழுந்துவிட்டது’ என்று நம் பெரியவர்கள் சொன்னார்கள்; அவர்கள் கண்ணால் கண்டது சரியே. ஆனால் வீங்கிய இடத்தை விரலால் அழுத்தினால் வீக்கம் கூடும்; நகம் பட்டுப் புண்ணாகும்; குழந்தை திமிறும்போது மூச்சடைக்கவும் கூடும். சுண்ணாம்பு மென்மையான தோலைப் பொத்துவிடும். சுண்ணாம்பால் கழுத்தில் தோல் வெந்து வந்த குழந்தைகளுக்கு நான் மருந்து போட்டிருக்கிறேன். அதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். வெதுவெதுப்பான உப்புநீரில் வாய் கொப்புளிக்கச் சொல்லுங்கள். மிளகு ரசமும் கஞ்சியும் கொடுங்கள். ஒரு வயது தாண்டிய குழந்தைக்கு ஒரு கரண்டித் தேனைத் தனியாகக் கொடுப்பதிலும் தவறில்லை. இவை வலியைத் தணிக்கும், சதையைக் கரைக்காது.

ஐஸ்கிரீமால் டான்சிலோ அடினாய்டோ வளர்வதில்லை. திரும்பத் திரும்ப வரும் கிருமித் தொற்றும் ஒவ்வாமையுமே அவற்றைப் பெருக்கச் செய்கின்றன. டான்சில் அறுவை சிகிச்சை முடிந்த குழந்தைக்கு நாங்களே குளிர்ந்த உணவைக் கொடுக்கச் சொல்கிறோம்.

ஒன்றை மட்டும் உங்களைப் போன்ற பெரியவர்கள் கவனிக்க வேண்டும். தொண்டைக்குள் சாம்பல் நிறத்தில் தோல் போன்ற படலம் ஒட்டிக்கொண்டு, கழுத்தும் வீங்கியிருந்தால், அது தொண்டை அடைப்பான் நோயாக இருக்கலாம். உயிரைப் பறிக்கக்கூடிய அந்த நோய் நம் நாட்டில் இன்னும் முழுமையாக ஒழியவில்லை. அப்படித் தெரிந்தால் வீட்டு வைத்தியம் எதையும் செய்யாமல் உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். பேரனுக்கு ஒன்றரை வயதிலும் ஐந்து வயதிலும் போட வேண்டிய முத்தடுப்பு ஊசி போட்டாயிற்றா என்று மருமகளிடம் இன்றே கேளுங்கள்.

கேள்வி: நான் தொடக்கப் பள்ளி ஆசிரியை. என் வகுப்பில் ஒரு மாணவன் எப்போதும் வாயைத் திறந்தபடியே இருக்கிறான், கூப்பிட்டால் திரும்புவதில்லை, சொல்வதெழுதுதலில் பாதிச் சொற்களை விட்டுவிடுகிறான். மந்த புத்தி என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.
(ஓர் ஆசிரியை, விழுப்புரம்)

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்து மிகவும் மகிழ்ந்தேன். நீங்கள் ஒரு குழந்தையைக் காப்பாற்றக்கூடிய இடத்தில் இருக்கிறீர்கள்.

நடுச்செவியிலிருந்து மூக்கின் பின்பகுதிக்கு ஒரு சிறு குழல் வருகிறது. செவிப்பறையின் இருபுறமும் காற்றழுத்தத்தைச் சமமாக வைப்பது அதுதான். அதன் வாய்க்குப் பக்கத்திலேயே அடினாய்டு இருப்பதால், அது பெருத்தாலோ அதில் தொற்று தங்கினாலோ குழல் அடைபட்டு, நடுச்செவியில் பசை போன்ற நீர் கோத்துக்கொள்ளும். காது வலி இருக்காது, சீழ் வடியாது, ஆகவே யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஆனால் இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொண்டு கேட்பதைப் போலத்தான் அந்தக் குழந்தைக்கு உலகம் கேட்கும். பக்கத்தில் நின்று உரக்கப் பேசினால் பதில் சொல்வான். கரும்பலகையின் பக்கம் திரும்பிக்கொண்டு நீங்கள் சொல்லும் சொல் அவனைச் சென்று சேராது. சளி பிடித்த நாளில் மோசமாகவும், மற்ற நாளில் சற்று நன்றாகவும் இருப்பதால், ‘வேண்டுமென்றே கேட்காதவன்’ என்ற பெயரும் வந்துவிடும்.

பெற்றோரை அழைத்து, பையனைக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். எல்லா அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் இந்தத் துறை இருக்கிறது. கேட்கும் திறனை அளக்கும் ஆடியோகிராம், செவிப்பறையின் அசைவை அளக்கும் டிம்பனோமெட்ரி ஆகிய இரண்டும் வலியில்லாத சோதனைகள். அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். நீர் கோத்திருந்தால் மூன்று மாதம் கண்காணிப்பது வழக்கம். பெரும்பாலும் தானே வற்றிவிடும். வற்றாமல் கேள்வித்திறன் குறைந்தே இருந்தால், செவிப்பறையில் கிராமெட் என்னும் மிகச் சிறிய குழாயைப் பொருத்துவதும், நான்கு வயது கடந்த குழந்தையானால் அடினாய்டை அகற்றுவதும் பலன் தரும்.

அது வரையில் அவனை முதல் வரிசையில் உட்கார வையுங்கள். அவன் முகத்தைப் பார்த்துப் பேசுங்கள். ‘மந்த புத்தி’ என்ற சொல்லை அவன் காதில் விழும்படி யாரும் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தச் சொல் மட்டும் எப்படியோ அவனுக்குக் கேட்டுவிடும்.

கேள்வி: டான்சில் நோய் எதிர்ப்புச் சக்தி தரும் உறுப்பு என்கிறீர்கள். அதை எடுத்துவிட்டால் பிற்காலத்தில் நோய்கள் அதிகமாக வராதா?
(ஒரு வாசகர், திருநெல்வேலி)

பதில்: நியாயமான கேள்வி. கழுத்தில் உள்ள நிணநீர் முடிச்சுகளும், நாக்கின் பின்பகுதித் திசுவும், மூக்கு முதல் குடல் வரை பரவியுள்ள இதே வகைத் திசுக்களும் அந்த வேலையைத் தொடர்ந்து செய்வதால், டான்சில் எடுத்த குழந்தைகள் எதிர்ப்புச் சக்தி இழந்துவிடுவதில்லை. ஆயினும் முழுமையாகச் சொல்ல வேண்டும் என்பதால் இதையும் எழுதுகிறேன். டென்மார்க்கில் ஏறத்தாழ 12 லட்சம் குழந்தைகளின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2018இல் வெளியான ஓர் ஆய்வு, சிறுவயதில் டான்சிலையோ அடினாய்டையோ அகற்றிக்கொண்டவர்களுக்குப் பிற்காலத்தில் மேல்சுவாசப் பாதை நோய்கள் அதிகமாக வந்திருப்பதாகக் காட்டியது. அறுவை சிகிச்சைதான் அதற்குக் காரணம் என்று அந்த ஆய்வை வைத்து நிறுவ முடியாது. அடிக்கடி நோய்வாய்ப்படும் குழந்தைகளுக்குத்தானே டான்சிலை எடுக்கிறார்கள்? ஆனாலும் தேவையில்லாமல் எடுக்கக் கூடாது என்பதற்கு இது ஒரு காரணம். தேவை இருக்கும்போது எடுக்காமல் விட இது காரணமாகாது. தினமும் இரவில் மூச்சு நின்று நின்று வரும் குழந்தைக்கு, இருபது ஆண்டு கழித்து ஒரு சளி அதிகமாக வரலாம் என்பதற்காக இன்றைய தூக்கத்தை மறுப்பதை என் மனம் ஒப்பாது.

கேள்வி: எனக்கு 46 வயது. வலது பக்க டான்சில் மட்டும் மூன்று மாதமாகப் பெரிதாக இருக்கிறது. வலி இல்லை. கவனிக்காமல் விடலாமா?
(ஒரு வாசகர், ஈரோடு)

பதில்: விடக் கூடாது. குழந்தைகளைப் பற்றி நான் மேலே சொன்ன எதையும் உங்களுக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள். வளர்ந்தவர்களுக்கு ஒரு பக்கம் மட்டும் பெருத்திருந்தால், அது புற்றுநோயோ நிணநீர்த் திசுப் புற்றோ அல்ல என்று உறுதிசெய்யும் வரை மருத்துவர் ஓய்வதில்லை. அதே பக்கத்துக் காதில் வலி, கழுத்தில் கட்டி, விழுங்குவதில் சிரமம், எடை குறைதல் இருந்தால் இன்னும் விரைவாகச் செல்ல வேண்டும்; புகையிலைப் பழக்கம் இருந்தால் அதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். பெரும்பாலும் தீங்கற்றதாகவே இருக்கும். ஆனால் அதைச் சொல்ல வேண்டியது சதைப் பரிசோதனை அறிக்கை. நீங்களோ நானோ அல்ல. இந்த வாரமே செல்லுங்கள்.

கேள்வி: ஆறு வயது மகளுக்கு மே மாத விடுமுறையில் டான்சில், அடினாய்டு இரண்டையும் அகற்ற நாள் குறித்திருக்கிறோம். வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது? அச்சமாக இருக்கிறது.
(ஒரு தாய், நாகர்கோவில்)

பதில்: அச்சம் இயல்பானதே. என்னென்ன வரும் என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டால் பாதி குறைந்துவிடும்.

ஆறு வயதில் பால்பற்கள் ஆடத் தொடங்கியிருக்கும். ஆடும் பல் இருந்தால் மயக்க மருந்து நிபுணரிடம் சொல்லிவிடுங்கள். குடும்பத்தில் யாருக்காவது சிறு காயத்துக்கும் இரத்தம் நிற்காமல் போன வரலாறு இருந்தால் அதையும் மறக்காமல் சொல்ல வேண்டும். மகளின் உள்நாக்கின் நுனி இரண்டாகப் பிளந்திருக்கிறதா என்றும் மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். அப்படியிருந்தால் அண்ணத்தில் மறைவான பிளவு இருக்கக்கூடும். அந்த நிலையில் அடினாய்டை முழுவதும் எடுத்தால் குரல் மூக்கால் பேசுவது போலாகிவிடும். அறுவை சிகிச்சைக்கு முந்தைய நாள்களில் சளியோ காய்ச்சலோ வந்தால் மறைக்காமல் சொல்லித் தேதியைத் தள்ளிப்போடுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு, தொண்டையின் இருபுறமும் தயிராடை போல வெண்மையாகப் படிந்திருப்பதைப் பார்த்துச் சீழ் என்று பதற வேண்டாம்; புண் ஆறும்போது படியும் இயல்பான படலம் அது. வாய் நாற்றமும் ஒரு வாரத்துக்கு இருக்கும். காது வலிக்கிறது என்று அழுவாள். தொண்டைக்கும் காதுக்கும் பொதுவான நரம்பின் வழியாக வரும் வலிதான் அது, காதில் ஒன்றும் இருக்காது. சில நாள்களுக்குக் குரல் மாறியிருக்கும்; குடிக்கும் நீர் சிறிது மூக்கில் ஏறலாம்.

வலிக்குப் பயந்து அவள் விழுங்க மறுப்பாள். விழுங்காவிட்டால் தொண்டை உலர்ந்து வலி கூடும். ஆகவே வலி மருந்தை வலி வந்த பிறகு கொடுக்காமல், முதல் ஐந்தாறு நாளுக்கு மருத்துவர் சொன்ன இடைவெளியில் தவறாமல் கொடுத்துவிட்டு, அரை மணி நேரம் கழித்து உணவு கொடுங்கள். ஆறிய கஞ்சி, குழைந்த தயிர்சாதம், பாலில் ஊறிய இட்லி, இளநீர், ஐஸ்கிரீம் எல்லாம் கொடுக்கலாம். முறுக்கு, சிப்ஸ், காரக் குழம்பு, ஆரஞ்சுச் சாறு இரண்டு வாரத்துக்கு வேண்டாம். ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது. வலிக்கும் இருமலுக்கும் தரப்படும் கோடீன் கலந்த எந்த மருந்தையும் கொடுக்கக் கூடாது. டான்சில் அறுவை சிகிச்சைக்குப் பின் அதைக் கொடுத்த சில குழந்தைகள் மூச்சு ஒடுங்கி இறந்ததால், அமெரிக்காவில் 2013இல் அதற்குத் தடையே விதித்தார்கள். வீட்டில் பழைய இருமல் மருந்துப் புட்டி இருந்தால் அதன் சீட்டைப் படித்துப் பாருங்கள்.

மிகவும் கவனமாக இருக்க வேண்டிய நாள்கள் முதல் 24 மணி நேரமும், அதற்குப் பின் ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரையும்தான். பெரும்பாலான பெற்றோர் முதல் நாளில் விழிப்பாக இருந்துவிட்டு, ஆறாம் நாள் மகள் ஓடியாடுவதைப் பார்த்து ஊருக்குக் கிளம்பிவிடுகிறார்கள். வெண்படலம் உதிரும் அந்த நாள்களில்தான் நூற்றில் சிலருக்கு இரத்தம் கசிகிறது. தூங்கும்போது அடிக்கடி எச்சில் விழுங்கிக்கொண்டே இருந்தாலோ, துப்பும் எச்சிலில் புது இரத்தம் தெரிந்தாலோ, காப்பித்தூள் நிறத்தில் வாந்தி எடுத்தாலோ, அளவு சிறிதுதான் என்று விடியும் வரை காத்திருக்காமல், அவளை நிமிர்ந்து உட்கார வைத்தபடியே அறுவை சிகிச்சை செய்த மருத்துவமனைக்கு உடனே அழைத்துச் செல்லுங்கள். அந்தப் பத்து நாளும் மருத்துவமனை அரை மணி நேரப் பயணத்தில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்; பாட்டி வீட்டுக்குப் போவதைப் பதினைந்தாம் நாளுக்கு மேல் வைத்துக்கொள்ளலாம்.